ஒன்பது கட்டத்துக்கு எத்தனை ஆள்? டர்ன் கேம்களில் எல்லைக் காவல்

அக்கா மகன் போன மாதம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். சிவிலைசேஷன் 6, நாட்டை வளர்த்துப் போரிடும் கணினி கேம். அவன் நாட்டின் வண்ணக் கோட்டை ஒட்டி, ஒரு கட்டம் விடாமல், வரிசையாக வாரியர்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். கீழே ஒரு வரி: "மாமா, இத்தனை பேரை நிறுத்தியும் உள்ள வந்துட்டான். கேம்ல ஏதோ பக் இருக்கு."

பக் எதுவும் இல்லை. எதிரி தன் மூன்று வாள்வீரர்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தான். அங்கே நின்ற ஒரே ஒரு வாரியரை அடித்து வீழ்த்தினான். அந்த ஓட்டை வழியாக நேரே தலைநகரத்துக்கு நடந்துவிட்டான். மற்ற எட்டுப் பேரும் அவரவர் கட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இந்த கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "எல்லையை ஸ்ட்ராங்காக்கு", "சோக் பாயிண்ட்டை அடை", "சுவர் கட்டு" என்று மூன்று அறிவுரை வந்துவிடும். மூன்றும் சரிதான். ஏன் சரி என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் செய்தால் ஒன்பது வாரியர் கதைதான் நடக்கும்.

புதிதாக ஆட வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2016-ல் வந்த சிவிலைசேஷன் 6 கேமிலிருந்து. எண்கள் அப்டேட்டையும் விரிவாக்கத்தையும் பொறுத்து ஓரிரண்டு முன்பின் இருக்கும். கணக்கின் போக்கு மாறாது.

முதலில் ஒரு சொல். டர்ன் என்பது ஒருவருடைய முறை. நான் என் படைகளை எல்லாம் நகர்த்தி முடிக்கும்வரை எதிரி கையைக் கட்டிக்கொண்டிருப்பான். அப்புறம் அவன் முறை. நான் சும்மா இருக்க வேண்டும். ஆடு புலி ஆட்டம் மாதிரி. விரல் வேகத்துக்கு இங்கே வேலையில்லை. ஆனால் நேரம் இல்லாமல் போய்விடவில்லை, டர்ன் என்ற உருவத்தில் அது இருக்கிறது. எல்லைக் காவலில் செலவாவதும் சேமிப்பதும் அதுதான்.

வண்ணக் கோடு எதைத் தடுக்கும்?

மேப்பில் நம் நாட்டைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறது. பார்த்தவுடன் வேலி மாதிரி ஒரு எண்ணம் வரும். அந்தக் கோடு யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

சமாதான காலத்தில் தடுக்கிறது. 'எர்லி எம்பயர்' என்ற சமூக முன்னேற்றத்தைப் பெற்ற நாட்டின் எல்லை மூடிக்கொள்ளும். அதன்பின் அனுமதி இல்லாமல் அடுத்த நாட்டுப் படை உள்ளே வர முடியாது. போர் அறிவித்த அடுத்த கணமே அந்தத் தடை போய்விடும். பார்பேரியன் எனப்படும் கொள்ளைக் கூட்டத்துக்கோ எப்போதுமே அந்தக் கோடு ஒரு பொருட்டில்லை. ஆக, நல்லவனை மட்டும் நிறுத்தும் வேலி.

ஆனாலும் போரின்போது அந்தக் கோடு ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. புதிதாக ஆடுபவர்கள் அநேகமாகக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு படைக்கும் 100 உயிர்ப்புள்ளி. அடிபட்டால் குறையும், ஒரு டர்ன் நகராமல் ஓய்வெடுத்தால் கொஞ்சம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது நிற்கிற மண்ணைப் பொறுத்தது. சொந்த மண்ணில் 15, சொந்த நகரத்துக்குள் 20, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் 10, எதிரி மண்ணில் வெறும் 5.

இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு மூன்று டர்ன் இளைப்பாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். என் படை 45 புள்ளி தேறியிருக்கும். என் மண்ணில் நிற்கிற அவன் படை 15தான் தேறியிருக்கும். சண்டை ஒரு டர்ன் இழுத்தாலும் லாபம் எனக்கு. கோட்டின் உண்மையான பலம் இதுதான்: ஆளை நிறுத்தாது, உள்ளே வந்தவனின் காயத்தை ஆறவிடாது.

கபடியில் யாரும் நடுக்கோட்டில் நிற்பதில்லை

கபடி பார்த்திருப்பீர்கள். ரெய்டர் பாடிக்கொண்டு வருகிறான். எதிரணி ஏழு பேரும் நடுக்கோட்டில் தோளோடு தோள் சேர்ந்து சுவர் மாதிரி நிற்கிறார்களா? அப்படி நின்றால் கோட்டைத் தாண்டாமலே ஒருத்தனைத் தொட்டுவிட்டு அவன் திரும்பிவிடுவான். எல்லாரும் பின்னுக்குப் போய், கையைக் கோத்து, வளைந்து நிற்பார்கள். ரெய்டர் உள்ளே வர வேண்டும். எவ்வளவு உள்ளே வருகிறானோ அவ்வளவு தூரம் திரும்பி ஓட வேண்டும். மூச்சும் அவனுக்கு அளவாகத்தான் இருக்கிறது. ஒருத்தன் காலைப் பிடித்ததும் மற்றவர்கள் மேலே விழுவார்கள்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. உள்ளே வருபவனுக்கு அளவான மூச்சு. அவனை ஒரு கணம் நிறுத்தும் ஒரு பிடி. பிடித்த இடத்துக்கு உடனே வந்து சேரும் கூட்டம். டர்ன் கேமில் எல்லைக் காவலும் இந்த மூன்றால் ஆனதுதான். மூச்சுக்குப் பதில் அங்கே நகர்வுப் புள்ளி. ஒரு படை ஒரு டர்னில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதன் அளவு அது. வாரியருக்கு 2, குதிரை வீரருக்கு 4. சமவெளிக் கட்டத்துக்கு 1 செலவாகும், குன்றுக் கட்டத்துக்கு 2. ஆற்றைத் தாண்டினால் இன்னும் கூட.

அக்கா மகனின் ஒன்பது வாரியர்களும் நடுக்கோட்டில் நின்றவர்கள். பிடி இருந்தது, கூட்டம் இல்லை.

இதுவரை சொன்னது: கோடு போரில் யாரையும் தடுக்காது, ஆனால் அதற்கு உள்ளே காலம் நம் பக்கம் ஓடுகிறது. அதனால் வருகிறவனை உள்ளே தாமதப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. எப்படித் தாமதப்படுத்துவது என்பதுதான் அடுத்தது.

பிடி வளையம்

சிவிலைசேஷன் 6 மேப் அறுகோணக் கட்டங்களால் ஆனது. தேன்கூடு மாதிரி. ஒரு கட்டத்தில் நிற்கும் படையைச் சுற்றி ஆறு கட்டங்கள். அந்த ஆறில் எதிலாவது எதிரி காலை வைத்தால் அத்துடன் அவனுடைய நடை அந்த டர்னுக்கு முடிந்தது. இன்னும் புள்ளி மிச்சம் இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. கேமில் இதற்குப் பெயர் 'சோன் ஆஃப் கன்ட்ரோல்'. கபடியை நினைத்துக்கொண்டு நான் இதைப் பிடி வளையம் என்கிறேன்.

கணினி கேம்களுக்கு முன்பே மேசைமேல் அட்டைத் துண்டுகளை நகர்த்தி ஆடிய போர் விளையாட்டுகளின் சொத்து இது. அறுகோணக் கட்டமும் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் 1961-ல் வெளியிட்ட 'கெட்டிஸ்பர்க்' பதிப்பிலேயே அது இருந்தது.

இப்போது ஒரு நோட்டுத் தாளில் தேன்கூடு வரைந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது நன்றாகப் புரியவைக்கும். ஒன்பது கட்டம் அகலமுள்ள எல்லை. மூன்று விதமாக ஆள் நிறுத்தலாம்.

முதல் விதம், ஒன்பதிலும் ஒன்பது பேர். யாரையாவது கொல்லாமல் எதிரி தாண்ட முடியாது. ஆனால் ஒன்பது பேரும் முன்வரிசையிலேயே செலவாகிவிட்டார்கள்.

இரண்டாவது, ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று நான்கு பேர். நடுவில் காலிக் கட்டங்கள் இருக்கின்றன. எதிரி அவற்றில் ஒன்றின் வழியாக நுழையப் பார்க்கிறான். நம் வரிசைக்கு முன்னால் இருக்கும் கட்டத்தில் காலை வைத்ததும் யாரோ ஒருவரின் வளையம் அவனைப் பிடிக்கிறது, நிற்கிறான். அடுத்த டர்னில் நடுவில் உள்ள காலிக் கட்டத்துக்கு வருகிறான். இரண்டு பக்கமும் நம் ஆள், மறுபடி நிற்கிறான். அதற்கடுத்த டர்னில் நம் வரிசைக்குப் பின்னால் ஒரு கட்டம் போகிறான். அதுவும் வளையத்துக்குள்தான், மறுபடி நிற்க வேண்டும். நான்காவது டர்னில்தான் அவனுக்கு விடுதலை. நான்கு பேரை வைத்து ஒன்பது கட்டத்தில் மூன்று டர்ன் தாமதம்.

மூன்றாவது, இரண்டு கட்டம் விட்டு ஒருவர். இரண்டு, ஐந்து, எட்டு. மூன்றே பேர். நம் வரிசையில் உள்ள ஒன்பது கட்டமும் இப்போதும் வளையத்துக்குள்தான். ஆனால் முன்னாலும் பின்னாலும் அங்கங்கே வளையம் படாத கட்டம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து வருகிற எதிரி ஒரே ஒரு முறை நின்றால் போதும்.

ஒரே ஒரு ஆள் கூடினால் ஒரு டர்ன் தாமதம் மூன்று டர்னாகிறது. அதற்குமேல் ஐந்து பேரைச் சேர்த்து வரிசையை முழுதாக அடைத்தாலும் அந்த அளவுக்கு லாபம் வராது. எனக்கு இந்தக் கணக்கு புரிந்த நாளிலிருந்து எல்லை வரிசையில் ஒட்டி ஒட்டி ஆள் நிறுத்துவதை விட்டுவிட்டேன்.

இரண்டு விதிவிலக்கு உண்டு, மறந்தால் மொத்தமும் பாழ். முதலாவது, வில்லாளர் போன்ற தூரத்திலிருந்து அடிக்கும் படைகளுக்கு இந்த வளையம் கிடையாது. அவர்களை வரிசையில் நிறுத்தினால் எதிரி பக்கத்தாலேயே நடந்து போய்விடுவான். இரண்டாவது, குதிரைப்படை இந்த வளையத்தை மதிப்பதே இல்லை. நான்கு நகர்வுப் புள்ளியோடு வருகிற குதிரை வீரர் நம் வரிசையின் இடைவெளியில் புகுந்து, அதே டர்னில் வயல்வரை வந்துவிடுவார். குதிரை உள்ள எதிரி பக்கத்தில் இருந்தால் ஈட்டி வீரர் இரண்டு பேராவது தேவை. குதிரைக்கு எதிராக அவருக்கு 10 புள்ளி வலிமை கூடுதல். அவரை வரிசையில் வைப்பதைவிட வரிசைக்குப் பின்னால், குதிரை வந்து சேரும் இடத்தில் வைப்பது நல்லது.

மண் யாருடைய கூட்டாளி

நிறுத்திவிட்டோம். நின்றவன் இப்போது அடிக்கப்போகிறான். அந்த அடியைத் தாங்க வேண்டும்.

ஒவ்வொரு படைக்கும் வலிமை என்று ஒரு எண். இரண்டு படை மோதும்போது கேம் பார்ப்பது அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான். வித்தியாசம் இல்லையென்றால் இருவருக்கும் சுமார் 30 புள்ளி சேதம். ஒருவர் 10 கூட இருந்தால் அவர் கொடுப்பது 45, வாங்குவது 20. வித்தியாசம் 30ஐத் தொட்டால் ஒரே அடி, ஆள் காலி. அதிர்ஷ்டத்தால் கொஞ்சம் ஏறி இறங்கும். இந்த ஏற்றம் படிப்படியாக இல்லை, கந்து வட்டி மாதிரி குட்டி போட்டு ஏறுகிறது. அதனால்தான் நான்கைந்து புள்ளிச் சலுகை என்று அலட்சியமாக விடுவது தப்பு.

வாரியரின் வலிமை 20. வாள்வீரருடையது 35. புல்வெளியில் நிற்கும் வாரியரை வாள்வீரர் அடித்தால் ஏறத்தாழ 55 போகும். இரண்டு அடியில் கதை முடிந்தது. ஸ்க்ரீன்ஷாட்டில் நடந்தது இதுதான்.

அதே வாரியரைக் காடு மூடிய ஒரு குன்றில் ஏற்றுவோம். குன்றுக்கு 3, காட்டுக்கு 3. நகராமல் இரண்டு டர்ன் அரண் போட்டு உட்கார்ந்தால், அதாவது 'ஃபோர்ட்டிஃபை' கொடுத்துவிட்டால், 6. எதிரி ஆற்றைத் தாண்டி வந்து அடிப்பதாக இருந்தால் இன்னும் 5. கூட்டுங்கள்: 20, 26, 32, 37. வாள்வீரரைவிட இவர் இப்போது இரண்டு புள்ளி மேல்! முதல் அடியில் போவது 28 அளவில்தான். அடிக்கிறவருக்குத் திருப்பி 32 விழுகிறது. இரண்டு அடியில் சாக வேண்டியவர் மூன்றைத் தாண்டி நான்காவது அடிவரை நிற்பார். புதிதாக ஒரு காசு செலவில்லை, நிறுத்திய இடம்தான் மாறியிருக்கிறது.

'சோக் பாயிண்ட்' என்று எல்லாரும் சொல்வது இங்கேதான் பொருந்துகிறது. இரண்டு மலைக்கு நடுவே, அல்லது மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கணவாய் அது. அங்கே எதிரியால் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு படைக்கு மேல் முன்னால் கொண்டுவர முடியாது. சிவிலைசேஷன் 6-ல் ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படைதான். ஆகவே எதிரியின் பத்துப் படையும் வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டியதுதான். கணவாய் இல்லாத மேப்பில் காட்டுக்குன்றும் ஆறும் அந்த வேலையைச் செய்யும். எல்லைக் கோட்டுக்கு வெளியே இரண்டு கட்டம் தள்ளி ஒரு நல்ல குன்று இருந்தால் அங்கே போய் நில்லுங்கள்; ஓய்வில் ஐந்து புள்ளி குறைவாகத் தேறும், அவ்வளவே. கோட்டுக்குள்ளே மூன்று கட்டம் தள்ளி இருந்தால் அங்கே நில்லுங்கள். கோட்டின் மேலேயே நின்றாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நானே விழுந்திருக்கிறேன். கைகலப்புப் படை எதிரியைக் கொன்றால், செத்தவன் நின்ற கட்டத்துக்கு அதுவே நகர்ந்துவிடும். ஒரு ஆட்டத்தில் கணவாயில் என் வாள்வீரர் அருமையாக அரண் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஐந்தோ ஆறோ உயிர்ப்புள்ளியோடு ஒரு பார்பேரியன். கை சும்மா இருக்கவில்லை, அடித்தேன். அவன் செத்தான், என் ஆள் குன்றைவிட்டு இறங்கி அவன் நின்ற சதுப்பு நிலத்தில் போய் நின்றார். குன்றும் போச்சு, அரணும் போச்சு, சதுப்பில் நிற்பதற்கு இரண்டு புள்ளி தண்டனை வேறு. அடுத்த டர்னில் மூடுபனிக்குள் இருந்து மூன்று பேர் வந்தார்கள். குற்றுயிராகக் கிடக்கும் எதிரியை முடிக்கும் வேலையை வில்லாளருக்கு விட்டுவிடுங்கள்.

பின்னால் ஆள் இல்லாத ஆடு

ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும், ஆனால் ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் மட்டும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் முன்னால் நிற்பதைப் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. சின்ன வயதில் திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடியபோதே நமக்குப் படிந்த பாடம் இது. ஏனோ கணினி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது.

முன்வரிசை நிறுத்தும், பின்வரிசைதான் கொல்லும். வில்லாளர் இரண்டு கட்டம் தள்ளி இருந்தே எய்யலாம், திருப்பி அடி வாங்குவதில்லை. அவருடைய அம்பின் வலிமை 25. வாரியர் மீது எய்தால் ஒவ்வொரு டர்னும் 36, 37 போகும். இரண்டு வில்லாளர் இருந்தால் இரண்டு டர்னில் ஒரு வாரியர் காலி. முந்தின பகுதியில் சேர்த்துவைத்த மூன்று டர்ன் தாமதம் எதற்கு என்று இப்போது தெரிகிறதா? நின்றுகொண்டிருக்கும் எதிரியின் மேல் மூன்று முறை அம்பு மழை. ஆனால் அதே வில்லாளரை எதிரி நெருங்கிவிட்டால் அவருடைய தற்காப்பு வலிமை 15தான், வாரியரைவிடக் கீழ். முன்னால் ஒருத்தர் இல்லாத வில்லாளர், பின்னால் ஆள் இல்லாத ஆடு.

காயம்பட்டவரை இழுத்துக்கொள்வதும் பின்வரிசையின் வேலை. அடிபட அடிபட வலிமையும் குறைகிறது. சாகும் நிலையில் இருப்பவருக்கு 10 புள்ளி வரை போய்விடும். அதனால் பாதி உயிரோடு இருப்பவரை நகரத்துக்குள் அனுப்பிவிட்டு, முழு உயிரோடு இருப்பவரை அந்த இடத்தில் வையுங்கள். நகரத்தில் டர்னுக்கு 20 தேறும். எதிரியால் இந்த மாற்று வேலையைச் செய்ய முடியாது, அவனுடைய நகரம் தூரத்தில் இருக்கிறது.

எல்லையில் இரண்டு ஊர், எது தாக்கப்படும் என்று தெரியாது என்றால்? இரண்டிலும் பாதிப் பாதி வைத்தால் எந்த இடத்திலும் போதாது. கெட்டியான படையை இரண்டுக்கும் நடுவே வைத்து இரண்டு பக்கமும் சாலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த கேமில் வணிகர் போகும் வழியெல்லாம் சாலை விழும். ஆகவே உள்ளூர் ஊர்களுக்கு இடையே ஒரு வணிகரை ஓடவிடுவது கஜானாவுக்கு மட்டுமில்லை, காவலுக்கும் செய்யும் ஏற்பாடு.

இதுவரை: வளையம் நிறுத்துகிறது, மண் தாங்குகிறது, பின்வரிசை அடிக்கிறது. இனி, யாரை எதிர்த்து?

வெட்சியா, உழிஞையா?

பள்ளியில் புறத்திணை மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. நம் முன்னோர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போக வந்தவனும் ஊரைப் பிடிக்க வந்தவனும் வேறு வேறு, எதிர்க்கும் முறையும் வேறு. புதிதாக ஆடுபவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

கேமில் வெட்சி என்றால் கொள்ளை. குதிரையில் வருவார்கள், வயலையும் சுரங்கத்தையும் நாசமாக்குவார்கள், போவார்கள். வயலைக் கொள்ளையடித்தால் அந்தப் படைக்கு 50 உயிர்ப்புள்ளி திரும்பக் கிடைக்கும். எதிரி மண்ணில் டர்னுக்கு 5தான் தேறும் என்று மேலே சொன்னேனே, அதற்கு மாற்று மருந்து நம் வயல்தான்! எல்லையோரத்தில் வயலாகப் போட்டுத் தள்ளியிருப்பவர்கள் எதிரிக்கு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இவர்களைச் சுவர் கட்டி நிறுத்த முடியாது. ஊருக்குப் பக்கத்தில் ஈட்டியும் வேகமாக ஓடக்கூடிய ஒரு குதிரையும் வேண்டும்.

பார்பேரியன் கொள்ளைக்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு. முதலில் ஒரு ஒற்றன் வருவான். நம் ஊரைப் பார்த்ததும் அவன் தலைக்குமேல் ஆச்சரியக்குறி தோன்றும். அவன் முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்த பிறகுதான் கூட்டம் கிளம்பும். திரும்பும் வழியிலேயே அவனைத் தீர்த்துவிட்டால் கூட்டமே வராது. ஒரு வாரியரும் ஒரு கவண்காரரும் ஆரம்பத்தில் இதைச் சரியாகச் செய்தால், பிற்பாடு ஆறு பேருக்கான வேலை மிச்சம்.

உழிஞை என்றால் முற்றுகை. மெதுவாக, கூட்டமாக, ஊரைக் குறிவைத்து வருவார்கள். இதற்குத்தான் சுவர். ஊருக்கு 200 உயிர்ப்புள்ளி. சுவர் கட்டினால் அதற்குத் தனியாக இன்னொரு கணக்கு சேரும். அதைவிட முக்கியம், சுவர் இருக்கும் ஊர்தான் இரண்டு கட்டம் தள்ளி இருப்பவனை அடிக்கும். சுவர் இல்லாத ஊர் அடி வாங்க மட்டும் செய்யும். சாதாரண வாள்வீரர் சுவரில் மோதினால் கீறல்தான் விழும். ஆகவே எதிரி கூட்டத்தில் மதிலிடிக்கும் கருவி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால் மற்ற யாரையும்விட அதற்குக் காவலாக வருபவரை முதலில் வீழ்த்துங்கள்.

முற்றுகையில் பிடி வளையம் நமக்கு எதிராகத் திரும்பும். சும்மா விட்டால் ஊர் டர்னுக்கு 20 தேறிவிடும். ஆனால் சுற்றியுள்ள ஆறு கட்டமும் எதிரி வளையத்துக்குள் போய்விட்டால் ஒரு புள்ளியும் தேறாது. திறந்த வெளியில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு படை நின்றாலே ஆறும் மூடிவிடும், வரைந்து பாருங்கள். வெளியே ஒரே ஒரு படையை வைத்து அந்த இரண்டில் ஒன்றை நகர்த்திவிட்டாலும் ஊர் மூச்சுவிடும். எல்லாரையும் ஊருக்குள் அடைத்துக்கொள்ள நினைப்பது தப்பு என்று நான் சொல்வது அதனால்தான். எப்படியும் ஒரு கட்டத்துக்கு ஒருத்தர்தான், உள்ளே இடமும் இருக்காது.

சுவர் என்றதும் ரோமர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பிரிட்டனில் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர் சுமார் 117 கிலோமீட்டர். அதில் ரோமானிய மைலுக்கு ஒரு சிறு கோட்டை, அதில் ஒரு வாசல். பெரிய படைகளை முகாம்களில் வைத்திருந்தார்கள். மைல் முழுக்கத் தோளோடு தோள் ஆள் நிறுத்த அவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. கேமிலும் ரோம எல்லையின் பெயரையே வைத்து 'லைம்ஸ்' என்றொரு கொள்கை அட்டை இருக்கிறது. போட்டால் சுவர் கட்டும் வேகம் இரட்டிப்பாகும். எதிரி கிளம்பிவிட்டான் என்று தெரிந்த பிறகும் சுவரை முடிக்க அது உதவும்.

முன்கூட்டியே பார்ப்பது

பார்வை எட்டாத இடங்களைக் கேம் மங்கலாக மூடிவைத்திருக்கும். அந்த மூடுபனிக்குள் இருந்து படை வருவது மூன்று டர்ன் முன்பே தெரிந்தால் மூன்று டர்ன் சம்பாதித்ததாக அர்த்தம். எல்லைக்கு வெளியே குன்றின்மேல் ஒரு பழைய ஸ்கௌட்டை, அதாவது வேவு பார்ப்பவரை, உட்கார வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அதற்கு இன்னொரு பலனும் உண்டு: யாருடைய பார்வையும் படாத இடத்தில்தான் பார்பேரியன் முகாம் முளைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் முளைக்காது.

அண்டை நாடு நம்மைப் பகிரங்கமாகக் கண்டித்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கண்டித்து ஐந்து டர்ன் போனபின் முறைப்படி போர் அறிவிக்க அவனுக்கு வழி திறக்கும். ஐந்து டர்னில் ஒரு சுவர் எழுப்பிவிடலாம். கண்டிக்காமலேயே திடீர்ப் போர் அறிவிப்பதும் உண்டு. அதற்குக் குன்றின்மேல் இருக்கும் ஸ்கௌட்தான் துணை.

வேறு கேம் ஆடுபவர்களுக்கு

வளையம் எல்லா கேமிலும் ஒரே மாதிரி இல்லை. 2005-ல் வந்த சிவிலைசேஷன் 4-ல் சதுரக் கட்டம், ஒரே கட்டத்தில் எத்தனை படை வேண்டுமானாலும் அடுக்கலாம். அங்கே இந்த ஒன்பது கட்டக் கணக்கு செல்லாது. 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் அறுகோணமும் கட்டத்துக்கு ஒரு படையும் வந்தன. காசு செலவழிக்காமல் பழகிப் பார்க்க வேண்டுமென்றால் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' இலவசமாகவே கிடைக்கிறது. அறுகோணக் கட்டம், கறாரான வளையம். லெவல் 0 எனப்படும் மிகக் கீழ்நிலைப் படைகளுக்கு மட்டும் வளையம் கிடையாது.

அக்கா மகனுக்கு இவ்வளவையும் எழுதவில்லை. ஒரு கணக்கு மட்டும் அனுப்பினேன். ஒரு வாரியரை உருவாக்க ஊர் செலவிடும் உற்பத்திப் புள்ளி 40. ஒன்பது பேருக்கு 360. அதே 360-ல் நான்கு வாரியர் 160, இரண்டு வில்லாளர் 120, ஊருக்கு ஒரு பழங்காலச் சுவர் 80. குதிரை வருமென்று தோன்றினால் ஒரு வாரியரை விட்டுவிட்டு 65-க்கு ஒரு ஈட்டி வீரர்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் நான்கு பேர், இருவர் காட்டுக்குன்றில். நடுவில் இருக்கும் காலிக் கட்டத்தில் எதிரியின் வாள்வீரர் ஒருவர், பாதி உயிரோடு. பின்னால் இரண்டு வில்லாளர். "மாமா, இவன் ரெண்டு டர்னா இங்கேயே நிக்கிறான். சுடட்டுமா, விடட்டுமா?"